ரொட்டிக் காய்ச்சல்

மரியசூசையின் ரிக்ஷாவில் ஒன்பது பிள்ளைகள் போவார்கள். மெத்தையில் நாலு பேர், எதிரே தச்சரிடம் சொல்லி அடித்த பலகையில் நாலு பேர், கால் வைக்கிற தட்டில் குந்திக்கொண்டு ஒருவர். பைகள் பின்பக்கக் கம்பியில் தொங்கும். சாப்பாட்டு டப்பாக்கள் ஹேண்டில்பாரில் மாட்டிய ஒயர் கூடையில் கிடந்து குலுங்கும். காலை எட்டரைக்குத் தலத்தெருவில் கிளம்பினால், ஒன்பது அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது காரைக்கால் டவுனுக்குள் அந்த ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாசலில் பிரேக் பிடிப்பார். ஐப்பசி, கார்த்திகையில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர் கிடக்கிற நாளிலும் இறங்கித் தள்ளிக்கொண்டாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.

அந்த ஒன்பதில் ஒருத்தி அவர் பெற்ற பெண் சலோமி. ஐந்தாம் வகுப்பு, முதல் ரேங்க், கிளாஸ் லீடர். ரிக்ஷா ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கதை பேசும்போது மரியசூசைக்குப் பேச இருந்தது இந்த ஒரு விஷயம்தான்.

"எங்க வண்டியில ஹெட்மாஸ்டரு நான் இல்ல, எம்பொண்ணுதான் தெரியுமா? அவ ஒக்காருன்னா ஒக்காருதுங்க, எந்திரின்னா எந்திரிக்குதுங்க. ஜவுளிக்கடைக்காரரு மவன் நீலகண்டன், அவனே அவ சொன்னாத்தான் ஏறுறான்."

"ஒங்க வூட்டு ராஜ்யம்தான்னு சொல்லு" என்பார் முத்தையன். அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்தான்.

மரியசூசை சிரித்துக்கொள்வார். அவருடைய அப்பா உப்பு மூட்டை தூக்கியவர். அவர் ரிக்ஷா மிதிப்பவர். அவர் பெண் சொல்கிறபடி ஜவுளிக்கடைப் பிள்ளை உட்காருகிறான். மேட்டில் வண்டி ஏறும்போது தொடை எரிந்தாலும், பின்னாலிருந்து சலோமியின் குரல், "ஏய், தள்ளி ஒக்காரு" என்று கேட்கும்போது அந்த எரிச்சல் பாதியாகிவிடும். ரிக்ஷா மிதிக்கிறவனுக்கு முன்னால் இருக்கிற ரோடுதான் தெரியும். முதுகுக்குப் பின்னால் நடப்பது எல்லாம் சத்தமாகத்தான் வந்து சேரும்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதத்தில் ஒன்பதாவது ஆளாக ஒர்த்தான்ஸ் வந்து சேர்ந்தாள். நாலாம் வகுப்பு. பிறந்ததும் வளர்ந்ததும் பிரான்சில். அவள் அப்பா ஆல்போன்ஸ் அங்கே பட்டாளத்தில் இருந்தார். அம்மா இறந்துபோனதும் பிள்ளையைத் தனியாக வைத்துப் பார்க்க முடியாமல், தலத்தெருவில் இருந்த தன் அக்கா மார்கெரித்திடம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். மாநிறம், சுருட்டை முடி, எப்போதும் எதையோ கேட்கப் போவது மாதிரி ஒரு முகம். தமிழ் பேசுவாள். ஆனால் வீட்டுக்குள் மட்டுமே கேட்டுப் பழகிய தமிழ். 'ங்க' போடத் தெரியாது. யாராக இருந்தாலும் நீதான்.

முதல் வாரம் வண்டியில் ஏறும்போது அவள் கேட்டாள்: "சூசை, நீ நல்லாத் தூங்கினியா?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மரியசூசை திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதில் அவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

"தூங்குனேம்மா. நீ?"

"நானும் தூங்கினேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள். அதன்பிறகு தினமும் கேட்டாள். ஆடி மாதம் வரைக்கும் கேட்டாள். ஆவணியில் எப்போதோ அந்தக் கேள்வி நின்றுபோனது. நின்றதை அவர் கவனித்தார். பிள்ளைக்குப் பழகிவிட்டது, இனி எதற்குக் கேட்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வேறு சிலதையும் கவனித்தார். மெத்தையில் உட்கார்ந்து வந்தவள் பலகைக்கு வந்தாள். பலகையிலிருந்து கால் தட்டுக்கு வந்தாள். சாயந்திரம் அவள் சாப்பாட்டு டப்பா போனபடியே கனமாகத் திரும்பி வந்தது. ஒருநாள் சட்டை முதுகில் நீல மை கொட்டியிருந்தது. சலோமியிடம் கேட்டதற்கு, "அவளுக்கு ஒழுங்கா பேனா புடிக்கத் தெரியாதுப்பா" என்றாள். முதுகில் எப்படியம்மா பேனா பிடிப்பார்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் அந்த விளையாட்டு. ஒர்த்தான்ஸ் மதியத்துக்கு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவருவாள். காய்ச்சல் வந்தவர்களுக்குத்தானே இந்த ஊரில் ரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள்? அதனால் அவளுக்குக் காய்ச்சல், ரொட்டிக் காய்ச்சல். அவளைத் தொட்டவருக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டவர் உடனே இன்னொருவரைத் தொட்டு விட்டுவிட வேண்டும். "ஒனக்கு விட்டாச்சு!" "ஒனக்கு விட்டாச்சு!" என்று வண்டிக்குள் ஒரே கூச்சலாக இருக்கும். ஏதோ தொட்டு விளையாடுகிறதுகள் என்றுதான் மரியசூசை நினைத்தார். ஒருநாள் நீலகண்டன் எழுந்து அவர் முதுகில் கையைத் துடைத்து, "அண்ணே, ஒங்களுக்கு விட்டாச்சு!" என்றான்.

"ஐயய்யோ! எனக்கு ரொட்டிக் காய்ச்சல் வந்துருச்சே!" என்று மரியசூசை ஹேண்டில்பாரை இரண்டு ஆட்டு ஆட்டினார். வண்டி நெளிந்தது. பிள்ளைகள் கும்மாளம் போட்டன. அவரும் வாய்விட்டுச் சிரித்தார்.

கார்த்திகை முதல் வாரம் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாளாக வெயிலே இல்லை. சூசையின் மனைவி அந்தோணிமேரி நெரவிப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நெல் அவிக்கிற வேலைக்குப் போய்வந்தாள். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டவும் முடியாமல், குவித்து வைக்கவும் முடியாமல் மில்லில் எல்லோரும் அல்லாடிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டபோது எதிரே நிற்கிற ஆள் தெரியாத மழை. மரியசூசை படுதாவை இறக்கிக் கட்டிப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டார்.

"எட்டுதானே இருக்கீங்க? ஒர்த்தான்ஸ் எங்க?"

"அவங்க அத்த வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்கப்பா" என்றாள் சலோமி.

அவர் நம்பினார். நனைந்துகொண்டே மிதித்து, முழங்கால் தண்ணீரில் இறங்கித் தள்ளி, ஒவ்வொரு வீடாகப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தார். மார்கெரித்தின் வீட்டைக் கடக்கும்போது அந்த அம்மாள் குடையோடு வாசலில் நின்றாள்.

"சூசை! எங்கப்பா பிள்ளை?"

மரியசூசை வண்டியை நிறுத்தினார். படுதாவைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே சலோமி மட்டும் இருந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் படுதாவின் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மகளை அங்கேயே இறக்கி வீட்டுக்கு நடக்கச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். பள்ளிக்கூடத்தில் கேட் பூட்டியிருந்தது. கோயில் வாசல், மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் பார்த்தார். 'பிரெஞ்சுக்காரப் பொண்ணு, சுருட்டை முடி' என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டே போனார். காய்கறி ஏற்றிப்போன ஒரு வண்டிக்காரர்தான், "ஆத்துப் பாலத்துப் பக்கம் ஒரு புள்ள நனைஞ்சுக்கிட்டுப் போச்சே" என்றார். வீட்டுக்கு நேர் எதிர்த்திசை.

அரசலாறு இரு கரையும் முட்டிச் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. பாலம் தாண்டி ஒரு டீக்கடைத் தாழ்வாரத்தில் அவள் நின்றாள். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. பைக்கட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். மரியசூசை வண்டியை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டு ஓடிப்போய் அவள் முன்னால் குந்தினார்.

"ஒர்த்தான்ஸு! இங்க எங்கம்மா வந்தே?"

"நடந்து வந்தேன்."

"வீடு அந்தப் பக்கம்ல இருக்கு?"

"தெரியல. எல்லா ரோடும் தண்ணி."

"என் வண்டி அங்கதானம்மா நின்னுச்சு? ஏன் ஏறாம வந்தே?"

"நீதான் ஏற வேணாம்னு சொன்னே."

"நானா?"

"எனக்குக் காய்ச்சல். மத்த பிள்ளைக்கு ஒட்டும். இனிமே வண்டியில எடம் இல்லன்னு சூசை சொன்னான்னு சலோமி சொன்னா."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் அப்புடிச் சொல்லுவேனாம்மா?"

அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீயும் சிரிச்சியே. ரொட்டிக் காய்ச்சல்னு சொல்லிச் சிரிச்சியே."

டீக்கடைக்காரர் கொடுத்த துண்டால் அவள் தலையைத் துவட்டி, மெத்தையின் நடுவில் உட்காரவைத்துப் படுதாவைக் கட்டினார். தலத்தெரு வரைக்கும் ஒருமுறைகூட இருக்கையில் உட்காராமல் நின்றபடியே மிதித்தார். மார்கெரித் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நாளைக்குக் காலையில வந்து வெவரமெல்லாம் சொல்றேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அப்போதே சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் அந்தோணிமேரி கருவாட்டுக் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவள் புடவையிலிருந்து அவித்த நெல்லின் வாடை வந்தது. சலோமி மூலையில் பாவாடையால் முழங்காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள கெடைச்சுதாங்க?"

"கெடைச்சுது."

"மாதாவே. எங்க போச்சாம்?"

"ஒம்பொண்ணக் கேளு."

மரியசூசை ஈரச் சட்டையைக் கூடக் கழற்றவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லச் சொல்ல அந்தோணிமேரியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"நெசமாடி?"

சலோமி தலையை ஆட்டினாள்.

"அப்பா பேரச் சொல்லியா அந்தப் புள்ளய ஏறவுடாம பண்ணே?"

"ம்."

"ஏண்டி? அது ஒன்ன என்னாடி பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்பறம்?"

அந்தோணிமேரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். மரியசூசைக்குக் கை பரபரத்தது. இதுவரை அவர் மகள் மேல் கை வைத்ததில்லை. எழுந்தார்.

"ஒக்காருங்க" என்றாள் அந்தோணிமேரி. "அடிச்சா அவளுக்கு லேசாப் போயிரும். அடி வாங்குனேன், தீந்துச்சும்பா. அவ வாயத் தொறக்கட்டும்."

வெகுநேரம் கழித்து சலோமி சொன்னாள். "மூணாங்கிளாஸ்ல என்னத்தான் அங்க ஒக்கார வச்சாங்க."

"எங்க?"

"கால் தட்டுல. நீ ஓசில வர்றவ, ஒனக்கு மெத்த கெடையாதுன்னு நீலகண்டன் சொன்னான். ஒங்கப்பா முதுவு வேர்வ நாத்தம், ஒம்மேலயும் அடிக்கிதுன்னு மூக்கப் புடிச்சுக்குவாங்க. கிளாஸ்லயும் புடிச்சுக்குவாங்க. ரிச்சாக்காரம் பொண்ணு வந்துட்டா, மூக்கப் புடின்னு."

மூன்றாம் வகுப்பு என்றால் இரண்டு வருஷத்துக்கு முன்னால். அதே ரிக்ஷா. அதே முதுகுக்குப் பின்னால்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"எப்புடிப்பா சொல்றது? ஒன்னயத்தானே சொன்னாங்க."

அந்தோணிமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபர்ஸ்ட் ரேங்க் வாங்குனதுக்கப்பறம் கொஞ்சம் வுட்டாங்க. அப்பறம் இவ வந்தா. இவ பேசறது எல்லாருக்கும் சிரிப்பா இருந்துச்சு. நாந்தான் ரொட்டிக் காய்ச்சல்னு பேரு வச்சேன். அதுக்கப்பறம் என்ன யாரும் ஒண்ணும் சொல்லல. நான் சொல்றதத்தான் எல்லாரும் கேட்டாங்க. இன்னக்கி மழ பெய்யும்போது, இவ மட்டும் நடந்து வந்தா எப்புடி இருக்கும்னு நீலகண்டன் கேட்டான். நான் செஞ்சு காட்டுறேன்னேன்." அவள் குரல் உடைந்தது. "பாலத்துக்குப் போவான்னு எனக்குத் தெரியாதும்மா. தெனமும் வர்ற ரோடுதானே, வந்துருவான்னு நெனச்சேன்."

அவளுடைய ராஜ்யம் எதன்மேல் நின்றது என்பது மரியசூசைக்கு அப்போது விளங்கியது. ஸ்டாண்டில் எத்தனை தடவை அதைப் பெருமையாகச் சொல்லியிருப்பார்! சொல்லும்போதெல்லாம் ஒரு பிள்ளை கால் தட்டில் குந்திக்கொண்டு வந்திருக்கிறது.

"ஒன்ன மூக்கப் புடிச்சாங்களே, அப்ப ஒனக்கு எப்புடிம்மா இருந்துச்சு?"

"பள்ளிக்கூடமே எரிஞ்சுபோவணும்னு இருந்துச்சு."

"அந்தப் புள்ளைக்கும் அப்புடித்தானே இருந்துருக்கும்?"

சலோமி அழத் தொடங்கினாள். அந்தோணிமேரி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆனால் குரலில் இளக்கம் காட்டவில்லை. "காலையில அப்பா அவங்க வூட்டுக்குப் போவாரு. நீயும் போற."

"அம்மா, நீ என்ன அடிம்மா. அங்க மட்டும் வேணாம்மா."

"போற."

மறுநாள் மழை விட்டிருந்தது. மரியசூசை எழுந்தபோது சலோமி குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தானே பின்னிக்கொண்டு தயாராக நின்றாள். அந்தோணிமேரி கொடுத்த பழைய சோற்றை நாலு வாய் விழுங்கிவிட்டு, "போலாம்பா" என்றாள்.

மார்கெரித்துக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் கவுன்தான் உடுத்துவாள். மேஜைமேல் ஒரு கடிதம் எழுதிப் பாதியில் இருந்தது. "வா சூசை. என் தம்பிக்குத்தான் எழுதறேன். பிள்ளையைப் புதுச்சேரியில ஹாஸ்டல்ல சேத்துடலாம்னு இருக்கேன். இங்க அவளுக்கு ஒத்துவரல. ராத்திரியெல்லாம் விசும்புறா. யாரு என்னா பண்ணாங்கன்னு கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கிறா. வண்டியில வர்ற பையனுங்கதானே?"

ஒர்த்தான்ஸ் உள்அறைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் சொல்லவில்லை! மரியசூசை வியந்துபோனார். என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வந்திருந்தார். "அம்மா, அது வந்து..." என்று தொடங்கியபோது சலோமி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் சொல்றேம்பா."

சொன்னாள். பெயர் வைத்தது, கால் தட்டில் உட்காரவைத்தது, மை கொட்டியது, சாப்பிடவிடாமல் செய்தது, நேற்று அப்பா பேரில் சொன்ன பொய். ஒன்றைக்கூட நீலகண்டன் தலையில் போடவில்லை. மூக்கைப் பிடித்த கதையைச் சொல்லவே இல்லை. அதைச் சொல்லியிருந்தால் கொஞ்சம் இரக்கம் கிடைத்திருக்கும்.

மார்கெரித் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நீயா? நல்ல பொண்ணு, நல்லாப் படிக்கிற பொண்ணுன்னு உன் பக்கத்துல ஒக்காரச் சொல்லி அனுப்புனதே நாந்தானேம்மா."

சலோமி ஒர்த்தான்ஸைப் பார்த்தாள். "எங்கப்பா ஒண்ணும் சொல்லல. நாந்தான் பொய் சொன்னேன். மன்னிச்சுக்க."

ஒர்த்தான்ஸ் யோசித்தாள். "எனக்கு உன்னைப் பிடிக்கல" என்றாள்.

"சரி."

"நீ என் பக்கத்துல ஒக்காராதே."

"சரி."

"ஆனா நான் வண்டியில வருவேன். ஹாஸ்டல் வேணாம் அத்தை."

மரியசூசை அந்தப் பிள்ளை முன்னால் கைகூப்பிவிட்டார். "நானும் சிரிச்சேம்மா. தெரியாமத்தான் சிரிச்சேன். ஆனா சிரிச்சேன். என்னயும் மன்னிச்சுக்க."

மார்கெரித் கடிதத்தை மடித்து வைத்தாள். கிழிக்கவில்லை. "பொங்கல் வரைக்கும் பாக்குறேன் சூசை" என்றாள்.

அன்று காலை வண்டியில் நடந்ததை மரியசூசை எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் ஏறியாகிவிட்டது. ஒர்த்தான்ஸ் பழக்கத்தில் கால் தட்டில் குந்தப் போனாள். சலோமி மெத்தையிலிருந்து இறங்கி, "நீ மேல ஒக்காரு" என்று சொல்லித் தான் அங்கே குந்தினாள். வண்டி கொஞ்சதூரம் போனதும் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"எல்லாரும் கேளுங்க. ரொட்டிக் காய்ச்சல்னு ஒண்ணும் கெடையாது. நானாத்தான் சொன்னேன். எங்கப்பா அவள ஏற வேணாம்னு சொல்லல. அதுவும் நான் சொன்ன பொய்யி. இனிமே யாரும் அத வெளையாட வேணாம்."

இதைச் சொல்லச் சொல்லி அவரும் சொல்லவில்லை, அந்தோணிமேரியும் சொல்லவில்லை. கொஞ்சநேரம் செயின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் நீலகண்டன் சொன்னான்: "ரிச்சாக்காரம் பொண்ணு பேச வந்துட்டா. மூக்கப் புடிங்கடா."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மரியசூசையின் கால் பெடலில் நின்றுபோனது. வண்டியை நிறுத்தி அவனை இறக்கிவிடுகிற ஆத்திரம் வந்தது. அதற்குள் பின்னாலிருந்து பதில் வந்தது.

"ஆமா, ரிச்சாக்காரர் பொண்ணுதான். ஒன்னயும் சேத்து இழுத்துக்கிட்டுப் போறாருல்ல, அதான் வேர்க்குது. அப்பா, நீ மிதிப்பா. மணி அடிச்சிருவாங்க."

அவர் மிதித்தார். கண்ணில் வந்த தண்ணீரைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் வண்டி சாயும் என்று அப்படியே விட்டுவிட்டு மிதித்தார். பள்ளிக்கூட வாசலில் பிரேக் பிடித்தபோது ஒன்பது அடிக்க ஆறு நிமிஷம் இருந்தது.

பிள்ளைகள் உள்ளே போனதும் தலைமை ஆசிரியை தையல்நாயகியைப் போய்ப் பார்த்தார். தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். "பிரம்ப எடுக்காதீங்க டீச்சர். லீடர் வேலைய வேணா எடுத்துருங்க" என்று முடித்தார்.

தையல்நாயகி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பிரம்பு யாருக்குங்க எடுக்கறது? பேசுற பிள்ளைங்க பேர போர்டுல எழுதச் சொல்லி லீடர்கிட்ட சாக்பீஸ் குடுத்தது நாங்க. சாப்பாட்டு நேரத்துல அந்தப் பிள்ளை தனியா ஒக்காந்து இருக்கறதப் பாத்துட்டு, ஃபாரின் பிள்ளை, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சவ நான்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "எங்களுக்கு ஒம்பது மணியிலேருந்து நாலு மணி வரைக்கும்தான் தெரியுது. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நடக்கறது ஒங்களுக்குத்தான் தெரியுது. நாளைக்குச் சனிக்கிழமை, காலையில வாங்க. முத்தையனையும் அல்லா பிச்சையையும் கூட்டிக்கிட்டு வாங்க."

மூன்று ரிக்ஷாக்காரர்களுக்கும் என்னவோ ஏதோவென்று பயம். சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஐந்தாம் வகுப்பு அறையில் ஆறு டீச்சர்களும் இருந்தார்கள். மூவரும் சுவரோரம் நின்றார்கள். தையல்நாயகி டீச்சர், "ஒக்காருங்க, ஒங்களுக்காகத்தான் கூட்டமே" என்றதும், சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்தார்கள்.

"ஒங்க வண்டியில வர்ற பிள்ளைங்க எப்படி வர்றாங்க, எப்படித் திரும்பறாங்க? நீங்க பாக்குறத எங்களுக்குச் சொல்லணும். மொதல்ல யாரு சொல்றீங்க?"

மரியசூசை எழுந்தார்.

"எம்பொண்ணப் பத்தித்தாங்க மொதல்ல சொல்லணும்" என்று ஆரம்பித்தார். எதையும் ஒளிக்கவில்லை. ஸ்டாண்டில் பெருமை பேசியதையும், முதுகில் காய்ச்சல் ஒட்டிக்கொண்டது என்று சிரித்ததையும் சொன்னார். முத்தையன் நிமிர்ந்து பார்த்தார். "எனக்குப் பின்னாலதாங்க எல்லாம் நடந்துச்சு. எம்பொண்ணுக்கு நடந்ததும் எனக்குத் தெரியல. எம்பொண்ணு செஞ்சதும் எனக்குத் தெரியல. சத்தம் கேட்டுச்சு. சந்தோஷச் சத்தம்னு நெனச்சுட்டேன்." பிறகு வெள்ளிக்கிழமை காலையில் வண்டியில் கேட்டதைச் சொல்ல வந்தார். "அவளாத்தாங்க சொன்னா. யாரும் சொல்லிக் குடுக்கல. கேலி பண்ணுவாங்கன்னு தெரிஞ்சே..." அதற்குமேல் வரவில்லை. துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் அல்லா பிச்சை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அல்லா அறிய நானும் ஒண்ணு சொல்லணுங்க. நம்ம வண்டியில ரெண்டாங்கிளாஸ் புள்ள ஒண்ணு வருது. செவ்வாக்கெழம ஆனா எறங்க மாட்டேன்னு கம்பியப் புடிச்சுக்கிட்டு அழுவுது. மத்த நாளுல அப்புடி இல்லீங்க."

"செவ்வாக்கிழமையா?" என்றார் ஓர் இளவயது டீச்சர். முகம் சுருங்கியது. "அன்னைக்குத்தான் நான் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றது. தப்பாச் சொன்னா பெஞ்சு மேல ஏத்தி..." வாக்கியத்தை முடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

முத்தையனும் சொன்னார். அவர் வண்டியில் ஒரு பிள்ளை மற்றவர்கள் பையையெல்லாம் சுமந்துகொண்டு இறங்குகிறதாம். உதவி செய்கிறான் என்று இத்தனை நாளும் நினைத்தாராம். பேச ஆரம்பித்ததும் மூவருக்கும் பயம் போய்விட்டது. எந்தப் பிள்ளை யாருக்குப் பயப்படும், எதற்கு முகம் வாடும், எது நாலு நாளாகச் சாப்பிடாமல் டப்பாவைத் திருப்பிக்கொண்டு வருகிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல, தையல்நாயகி டீச்சர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். கூட்டம் பதினொன்றரைக்குத்தான் முடிந்தது. மாதாமாதம் கூடுவதென்று முடிவானது. போர்டில் பேர் எழுதுகிற வழக்கம் அன்றோடு போயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு டீச்சர்களும் பிள்ளைகளோடு தரையில் உட்காருவது என்று ஆனது. வண்டியில் இடம் வாரத்துக்கு ஒருமுறை மாறும். யாரும் யாரையும் நிரந்தரமாகக் கால் தட்டில் வைக்க முடியாது. ஜவுளிக்கடைக்காரரைக் கூப்பிட்டுப் பேசுவதை டீச்சரே எடுத்துக்கொண்டார்.

வாசலில் சலோமி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா மில்லுக்குப் போயிருந்ததால் அப்பாவோடு வந்திருந்தாள். மரியசூசை வெளியே வந்து வண்டிப் பூட்டைத் திறந்தார்.

"என்னாப்பா சொன்னே?"

"எல்லாத்தையும் சொன்னேன்."

"எம்பேரயுமா?"

"ஒம்பேரத்தான் மொதல்ல சொன்னேன்."

சலோமி மண்ணைக் காலால் கீறினாள். உள்ளே டீச்சர்கள் பேசிக்கொண்டே வெளியே வருவது தெரிந்தது. அவர்களுக்கு முகம் கொடுக்காமல் திரும்பி நிற்பாள் என்று அவர் நினைத்தார். அவள் திரும்பவில்லை.

"நான் செஞ்சத மட்டும் சொன்னியா, அப்பறம் வண்டியில சொன்னதயும் சொன்னியா?"

"அதச் சொல்லும்போதுதாம்மா எனக்குப் பேச்சே வரல."

"ஏம்ப்பா?"

மரியசூசை சீட்டைத் துண்டால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்திருந்த சீட்டுதான். "ரேங்க் வாங்குனா ஸ்டாண்டுல போய்ச் சொல்லலாம். இத யாருக்கிட்டம்மா போய்ச் சொல்றது? எப்புடிச் சொல்றது? எனக்குத் தெரியல" என்றார். "ஏறு. அம்மாகிட்ட போய்ச் சொல்லுவோம்."

சலோமி ஏறி மெத்தையின் நடுவில் உட்கார்ந்தாள். வண்டியில் வேறு யாரும் இல்லை. முத்தையனும் அல்லா பிச்சையும் தங்கள் வண்டிகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். முத்தையன் மட்டும் மணியை இரண்டுதரம் அடித்து, "மரியசூசை, நீ முன்னால போ" என்று வழிவிட்டார்.